மூடிப்போன வங்கியின் தாள்கள்

நான் சேர்த்தது ஒரேயொரு வங்கியின் தாள்களை மட்டும். அரசாங்கம் தாள்காசு அடிக்கத் தொடங்குவதற்கு முன்பு இலங்கையில் தனியார் வங்கிகள்தான் தங்கள் தங்கள் பெயரில் தாள்காசு விட்டன. கோப்பித் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில் கண்டியில் தொடங்கிய ஒரு சின்ன வங்கியும் அப்படி விட்டது. யாழ்ப்பாணத்தில் அதற்கு ஒரு கிளை இருந்தது. கோப்பி இலையில் நோய் விழுந்து தோட்டங்கள் பட்டுப்போனபோது வங்கியும் கதவைச் சாத்தியது. பத்து வருஷம்கூட அது இருக்கவில்லை. கையில் தாள் வைத்திருந்தவர்களில் கொஞ்சப் பேர் முந்திக்கொண்டு போய் மாற்றிவிட்டார்கள். மற்றவர்கள் அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, வங்கி என்றைக்காவது திரும்பத் திறக்கும் என்று காத்திருந்தார்கள். அப்படிக் காத்துக் கிடந்த தாள்களில் சில சுற்றிச் சுழன்று என்னிடம் வந்து சேர்ந்தன.

முதல் தாள் கிடைத்தது கொழும்பில், கொட்டாஞ்சேனையில். அப்போது நான் கலியாணம் ஆகாதவன். கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கொம்பனியில் கிளாக்காக இருந்தேன். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் பின்னறையில் தங்கியிருந்தேன். சந்திக்குப் பக்கத்தில் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடை ஒன்று இருந்தது. ஒருநாள் அந்தக் கடைக்காரர் யாரோ கொடுத்த பழைய மாதா படத்தின் பின்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். படம் ஆடாமல் இருப்பதற்காக இடையில் செருகி வைத்திருந்த கடதாசிகளில் ஒன்று கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன். ஒரு பக்கம் மட்டும் அச்சு. மறுபக்கம் வெறுமை. நடுவில் ஆங்கிலம். ஓரங்களில் சிங்களத்திலும் தமிழிலும் "ஐந்து ரூபா". இலக்கத்தை யாரோ மையில் தொட்டுக் கையால் எழுதியிருந்தார்கள். கீழே இரண்டு கையொப்பங்கள். வெளிச்சத்தில் பிடித்தபோது கடதாசிக்குள்ளே வங்கியின் பெயர் நீர்போலத் தெரிந்தது. வேண்டுமென்றால் கொண்டுபோ என்று கடைக்காரர் சிங்களத்தில் சொன்னார்.

அன்று பிடித்த பைத்தியம். அதற்கு வேறு பெயர் தெரியவில்லை.

அதே தெருவில் கொழும்புச் செட்டி ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்றாலும் "மச்சான்" என்றுதான் கூப்பிடுவார். அவரும் அதே வங்கியின் தாள்களைத் தேடிக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் புறக்கோட்டைப் பழைய சாமான் கடைகளையும், பழைய வீடுகளைக் காலி செய்கிறவர்களையும் சுற்றுவோம். ஒரு வருஷத்தில் ஒரு தாள் கிடைத்தால் பெரிய காரியம். பல வருஷங்கள் ஒன்றும் கிடைக்காமலே போயின. எங்கள் இருவரையும் தவிர அந்த வங்கியைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாக எனக்குத் தெரியாது.

பிறகு எனக்குக் கலியாணம் ஆனது. வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கைக்குள் வாடகை வீடு எடுத்தோம். என் மனைவி யாழ்ப்பாணத்தில் படித்துப் பட்டம் பெற்றவள். கணித ஆசிரியை நியமனத்துக்கு நேர்முகம் போய்வந்து, கடிதத்துக்குக் காத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் எண்பத்து மூன்று ஆடியில் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. நாங்கள் பின்மதிலால் ஏறித் தப்பினோம். வீடு எரிந்தது. அவளுடைய பிறப்பத்தாட்சிப் பத்திரம், பட்டச் சான்றிதழ், பள்ளிக்கூடத்துப் பெறுபேறுகள், எங்கள் கலியாணப் பதிவு, எல்லாம் ஒரு தோல்பையில் இருந்தன. பை எரிந்தது. நான் அதுவரை சேர்த்திருந்த நாலைந்து தாள்கள் மட்டும் என் கந்தோர் மேசை லாச்சிக்குள் இருந்ததால் தப்பின.

பிறகு அவள் கந்தோர் கந்தோராக அலைந்தாள். பிறந்ததை நிரூபிக்க ஒரு இடம், படித்ததை நிரூபிக்க இன்னொரு இடம். ஒரு இடத்தில் கொடுத்த பிரதியை மற்ற இடத்தில் ஏற்கமாட்டார்கள். ஒரிஜினல் கேட்பார்கள். ஒரிஜினல் எரிந்துவிட்டது என்றால், எரிந்ததற்கு அத்தாட்சி கேட்பார்கள். எல்லாம் கைக்கு வந்து சேர்ந்தபோது நியமனத்துக்கான வயது கடந்துவிட்டது. அவள் வீட்டில் இருந்து பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூசன் கொடுத்தாள். அதைப் பற்றி அவள் புலம்பியதில்லை. ஆனால் வீட்டுக்குள் வந்த ஒவ்வொரு முக்கியமான கடதாசியையும் லமினேட் செய்தாள். அடையாள அட்டைப் பிரதி, பொலிஸ் பதிவு, மகனின் தடுப்பூசி அட்டை, வீட்டு உறுதிப் பத்திரத்தின் பிரதி, என் ஓய்வூதியக் கடிதம். லமினேட் செய்யும் யந்திரம் போட்டோப்பிரதி எடுக்கிற எந்தக் கொம்யூனிகேஷன் கடையில் நல்லது, எதில் ஓரம் உரியும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். சோதனைச் சாவடிகளில் கசங்காத அட்டையை நீட்டுவது எவ்வளவு பெரிய நிம்மதி என்று யுத்த காலத்தில் கொழும்பில் இருந்த தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மகன் ரொறொன்ரோவுக்குப் போனான். நாங்கள் கடலுக்குப் பக்கத்தில் ஒரு தொடர்மாடியில் மூன்றாம் மாடிக்கு வந்தோம். வரலாறு படிப்பித்த நண்பரும் கடைசியில் மெல்பேணில் இருக்கும் மகளிடம் போகத் தீர்மானித்தார். போவதற்கு முதல்நாள் வெள்ளவத்தைக்கு வந்தார். கையில் ஒரு பழைய பிஸ்கட் பெட்டி. அவருடைய தாள்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. யாழ்ப்பாணக் கிளையின் பெயர் பொறித்த தாளும் இருந்தது. அப்படி இன்னொன்று இருப்பதாக நாங்கள் கேள்விப்படவில்லை. அந்தக் காலத்தில் தாள்காசைத் தபாலில் அனுப்புகிறவர்கள் களவுக்குப் பயந்து இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் வெவ்வேறு நாளில் அனுப்புவார்கள். அந்தத் தாளும் அப்படி வெட்டுப்பட்டது. யாரோ இரண்டு பாதியையும் சேர்த்து, பின்னால் ஒரு மெல்லிய கடதாசிப் பட்டியை ஒட்டியிருந்தார்கள். அந்தப் பட்டியில் தமிழில் ஒரு வரி எழுத்து இருந்தது. கூட்டெழுத்து. எங்கள் இருவராலும் முழுதாக வாசிக்க முடியவில்லை. "பெற்றுக்கொண்டேன்" என்ற சொல் மட்டும் தெளிவு.

"கொண்டு போகலாம்தானே?" என்று கேட்டேன்.

"அங்கை என்ன மச்சான், மகள் ஒருநாள் பழைய சாமானோடை கராஜ் சேலிலை போட்டிடுவாள்," என்றார். "இஞ்சை இருக்கட்டும். நீர் பாத்துக்கொள்ளும். எங்களுக்குப் பிறகு எங்கையாவது ஒரு நல்ல இடத்திலை வைக்கச் சொல்லும்."

அவருடையதையும் என்னுடையதையும் ஒரே அல்பத்தில் வைத்தேன். மெல்லிய அமிலமில்லாத கடதாசி வெளிநாட்டிலிருந்து எடுப்பித்து, ஒவ்வொன்றுக்கும் இடையில் விரித்தேன். கடற்காற்று கடதாசிக்கு எதிரி. மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் காற்றுப்பட வைத்துத் திரும்ப மூடுவேன். மனைவி பக்கத்தில் இருந்து பார்ப்பாள். "பிள்ளையைக்கூட இப்பிடி நீங்கள் தூக்கினதில்லை," என்று ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னாள்.

பிறகு எனக்கு நெஞ்சில் நோ வந்தது. பைபாஸ் செய்யவேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் நான் நினைவு தப்பியும் தப்பாமலும் கிடந்த நாட்களில் தென்மேல் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் தொடர்மாடியின் கடற்பக்கச் சுவர் ஏற்கெனவே வெடித்திருந்தது. மழை அதற்குள் இறங்கி, சுவரோடு ஒட்டி நின்ற அலுமாரியின் முதுகை நனைத்தது. மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து உடுப்பு எடுக்க வந்தபோது அல்பத்தின் அடிப்பக்கம் ஈரமாயிருப்பதைக் கண்டாள். என்னிடம் கேட்க முடியாது. மகனுக்குத் தொலைபேசி எடுத்தால் அங்கே அவன் வேலையில். நண்பரின் இலக்கம் என் கைத்தொலைபேசியில். அதைத் திறக்கிற எண் அவளுக்குத் தெரியாது. தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துவாயில் ஒற்றினாள். பிறகு பொலித்தீன் பையில் போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு பெருந்தெருவான காலி வீதியில் இருக்கும் கொம்யூனிகேஷன் கடைக்குப் போனாள்.

கடையில் நின்ற பெண் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். மனைவி பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"அன்ரி, இது ஒரிஜினலா? ஒரிஜினலை லமினேட் பண்ணவா?"

"ஓம் பிள்ளை, ஒரிஜினல்தான். அதுதான் வடிவாச் செய்யும்."

வீட்டுக்கு வந்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, நான் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தேன். அவள் பழைய சேலைத் துண்டில் சுற்றிய கட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"சுவர் ஊறி அல்பம் எல்லாம் ஈரம். உங்களுக்குச் சொல்லேல்லை, பயப்பிடுவியள் எண்டு. எல்லாத்தையும் லமினேட் பண்ணிப்போட்டன். இனி மழை இல்லை, கடல் வந்தாலும் ஒண்டும் செய்யாது."

துணியை விரித்தேன். தாள்கள் பளபளவென்று கிடந்தன. கடினமாக, உருண்ட முனைகளோடு, உணவுக் கடைகளில் மேசைக்குக் கொண்டுவரும் விலைப்பட்டியலைப் போல. ஈரம் முழுதாகக் காயாமல் சூட்டுக்குள் போனதால் சிலவற்றில் கையொப்பத்து மை பரவி மஞ்சள் பிடித்திருந்தது. யாழ்ப்பாணத் தாளைத் தேடி எடுத்தேன். பின்னால் இருந்த பட்டி இல்லை. அழுக்குக் கடதாசி என்று நினைத்துக் கடைப்பெண் உரித்துவிட்டாள் என்று பிறகுதான் அறிந்தேன். இரண்டு பாதியும் யந்திரத்துக்குள் போகும்போது விலகி, நடுவில் ஒரு நூலளவு இடைவெளியோடு அப்படியே உறைந்திருந்தன.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன், பிழையோ?"

பொய் சொல்ல எனக்குத் தெம்பிருக்கவில்லை. "ஓம்," என்றேன். "பிழைதான்."

"என்ன பிழை?"

பசை உருகிக் கடதாசியின் நாருக்குள் போய்விடும், பிறகு பிரிக்க முடியாது, நாளாக நாளாக அந்தப் பசையே கடதாசியைத் தின்னும் என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கணக்கில் ஒரு படி விளங்காத பிள்ளையைப் போல நெற்றியைச் சுருக்கினாள்.

"கழட்டுறதுக்கு ஆரும் இருப்பினம்தானே," என்றாள். "செய்யிறதுக்கு மெஷின் இருக்கெண்டால் கழட்டுறதுக்கும் ஏதாவது இருக்கும்."

டொக்டர் நடக்கலாம் என்று சொன்ன முதல் கிழமையே என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். பழைய ஆவணங்களைப் பராமரிக்கும் ஒரு இடத்துக்குப் போனோம். அங்கே ஒரு இளம் சிங்களப் பெண் அதிகாரி, வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நல்ல பிள்ளை. நிறைய நேரம் எடுத்தாள். யாழ்ப்பாணத் தாளை விளக்கடியில் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"கலவன்ன பே, அங்கிள்."

கழற்ற முடியாது. நான் மனைவிக்கு மொழிபெயர்க்க வாய் திறந்தேன். அவள் கையைக் காட்டித் தடுத்தாள். அவளுக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. ஆனால் எரிந்த கடதாசிகளுக்காக அலைந்த காலத்தில் எந்த யன்னலுக்கு முன்னால் போய் நின்றாலும் அவள் கேட்டது அந்த "பே" என்ற ஒரு சொல்லைத்தான்.

வெளிநாட்டில் சில இடங்களில் இரசாயனத்தில் ஊறவைத்துப் பார்ப்பார்கள், ஆனால் கையால் எழுதிய மை அதில் நிற்காது என்று அந்தப் பெண் மேலும் சொன்னாள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மனைவிக்குப் பதில் சொல்லவாவது ஒரு இடம் கிடைத்திருக்கும்.

மனைவி அதோடு விடவில்லை. லமினேட் செய்த கடைக்கே போய் விசாரித்தாள். கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய அச்சகத்துக்குத் தனியே பஸ்ஸில் போய்வந்தாள். பம்பலப்பிட்டியில் படம் திருத்துகிற ஒருவரிடம் போனாள். திரும்பி வரும்போதெல்லாம் முகம் கழுவி, தேத்தண்ணி போட்டு, "அவையளுக்குத் தெரியாதாம்," என்று மட்டும் சொல்லுவாள்.

ஒரு மத்தியானம் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக் கருகும் மணம் வந்து எழுப்பியது. குசினி மேசையில் துணி விரித்து, இஸ்திரிக்கைப் பெட்டியைச் சூடாக்கி, ஒரு தாளை அதற்குக் கீழே வைத்திருந்தாள். எங்களிடம் இரண்டு இருந்த சாதாரணத் தாள்களில் ஒன்றைத்தான் தெரிந்தெடுத்திருந்தாள். சூட்டில் பிளாஸ்டிக் இளகியதும் ஒரு மூலையைப் பிடித்து உரித்திருக்கிறாள். கடதாசி நடுவால் பிளந்து, மேல்தோல் பிளாஸ்டிக்கோடு போய்விட்டது. எழுத்துகள் இடம்வலம் மாறி அதில் ஒட்டியிருந்தன. மற்றப் பக்கம் பஞ்சுபோல ஒரு வெள்ளைத் துண்டு.

அவள் கையைப் பார்த்தேன். இரண்டு விரலில் கொப்பளம்.

"விடும்," என்றேன். "போதும். நீர் வேணுமெண்டு செய்தனீரே? இல்லைத்தானே."

அவள் இஸ்திரிக்கைப் பெட்டியின் வயரைக் கழற்றிச் சுற்றினாள். நிதானமாகத்தான் பேசினாள்.

"அண்டைக்கு என்ரை சேட்டிபிக்கற் எல்லாம் எரிஞ்சுது. உங்கட தாள் எரியேல்லை. அப்ப எனக்கு ஒரு நினைப்பு வந்தது, ஒருக்காலும் சொன்னதில்லை. இவரின்ரை செல்லாக்காசு தப்பியிருக்கு, நான் பிறந்த கடதாசி போச்செண்டு. கன வருஷம் அந்த நினைப்பு இருந்தது. பிறகு இல்லை. உண்மையா இல்லை. ஆனால் இப்ப ஆர் நம்புவினம்?"

"நான் நம்புறன்."

"நீங்கள் நம்புவியள்," என்றாள். "எனக்குத்தான் தெரியேல்லை."

அவள் விரலுக்குப் பற்பசை பூசிவிட்டேன்.

நண்பர் ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ஸ்அப்பில் எடுப்பார். ஒபரேசனுக்குப் பிறகு என் உடம்பைப் பற்றித்தான் கதைப்பார். ஒரு ஞாயிறு, அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் யாரோ பழைய வங்கித்தாள்களைப் பற்றி ஆராய்கிறார்களாம், யாழ்ப்பாணத் தாளின் பின்பட்டியைப் படம் எடுத்து அனுப்பினால் அந்தக் கூட்டெழுத்தை வாசித்துத் தருவார்களாம் என்று சொன்னார். குரலில் அவ்வளவு உற்சாகம். மனைவி என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினாள்.

"அண்ணை, நான் கதைக்கிறன். அந்தப் பட்டி இல்லை," என்றாள். நடந்தது முழுவதையும் ஒழுங்காக, எதையும் குறைக்காமல் சொன்னாள். மழை, அல்பம், கடை, பட்டியை உரித்தது, இரண்டு பாதியும் விலகியது.

பிறகு அவர் குரல் கேட்டது. "சரி தங்கச்சி. நீங்கள் என்ன செய்யிறது." அவ்வளவுதான். என்னோடு கதைக்கக் கேட்காமலே வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் எடுக்கவில்லை. நான் எடுத்தேன். மகள் எடுத்து, அப்பா படுத்திருக்கிறார் என்றாள். இன்னும் இரண்டு மூன்று முறை அதே பதில். அவருக்குக் கோபமா, துக்கமா, அல்லது உண்மையிலேயே படுத்துத்தான் இருந்தாரா என்று எனக்குத் தெரியவரவில்லை. சில மாதங்களில் அவர் செத்துப்போன செய்தியை மகள் ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பினாள். மனைவி அன்று சமைக்கவில்லை. நான் கடையில் பாண் வாங்கிவந்தேன். அதையும் அவள் தொடவில்லை.

பிறகு தாள்களை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. நல்ல இடம் என்று நாங்கள் நினைத்திருந்த பழம்பொருட்களை வைக்கும் ஒன்றிரண்டு நூதனசாலைகளுக்கு எழுதினேன். லமினேட் செய்ததை எடுப்பதில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. மகன் வீடியோவில், "ஸ்கேன் பண்ணி வைச்சால் போதும்தானே அப்பா," என்றான். அவன் மேல் பிழையில்லை. அவனுக்கு அது படம்தான்.

எங்கள் தொடர்மாடிக்குக் கீழே, கடலோரத் தெருவான மரின் டிரைவில், புதிதாக ஒரு கோப்பிக்கடை திறந்தார்கள். அதன் உரிமையாளன் கட்டையாய்த் தாடி வைத்த இளைஞன். தொடர்மாடியின் காவலாளி மூலம் எப்படியோ கேள்விப்பட்டு மேலே வந்தான். சுவரில் மாட்ட இலங்கைக் கோப்பிக் காலத்துப் பொருட்கள் தேடுகிறானாம்.

"அங்கிள், இது பேர்பெக்ட்," என்றான். "லமினேட் பண்ணியே இருக்கு. நாங்கள் பிரேம்கூடப் போடத் தேவையில்லை."

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். அவன் போனபிறகு மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"குடுங்கோ."

"கோப்பிக்கடைக்கோ?"

"வீட்டிலை இருந்தால் நான் ஒவ்வொரு நாளும் அதைத்தான் பாக்கிறன். அலுமாரி பூட்டியிருந்தாலும் பாக்கிறன். எனக்கு ஏலாது. குடுங்கோ."

கொடுத்தேன். அவன் ஏதோ தர வந்தான். வேண்டாம் என்றேன்.

இப்போது அவை அங்கே கடலைப் பார்த்த சுவரில் வரிசையாக இருக்கின்றன. யாழ்ப்பாணத் தாளை அந்த இடைவெளியோடு நடுவில் மாட்டியிருக்கிறார்கள். சாயந்தரம் சூரியன் இறங்கும்போது வெயில் நேரே அந்தச் சுவரில் விழும். கையால் எழுதிய பழைய மை வெயிலில் நிற்காது. ஒருமுறை உள்ளே போய் இளைஞனிடம் அதைச் சொன்னேன். திரை போடலாமா என்று கேட்டேன். "ஏசி இருக்கு அங்கிள், ஒண்டும் நடக்காது," என்று சிரித்துக்கொண்டு ஒரு கோப்பி கொண்டுவரச் சொன்னான். எனக்குக் கோப்பி கூடாது. அவன் மனம் நோகக்கூடாதே என்று ஒரு மிடறு குடித்தேன். வெளிக்கிட முன் சுவரைப் பார்த்தேன். சிலவற்றில் இலக்கங்கள் ஏற்கெனவே மங்கத் தொடங்கிவிட்டன.

டொக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். நான் இப்போது மரின் டிரைவ் பக்கம் போவதில்லை. காலி வீதியைக் கடந்து உட்பக்கமாகக் கிருலப்பனை வரை நடந்து திரும்புகிறேன். மனைவி ரியூசனை விட்டுவிட்டாள். மகன் போனமாதம் அனுப்பிய குடியுரிமைக் கடதாசிப் பிரதி ஒன்று லமினேட் செய்யாமல் மேசையில் இன்னும் திறந்தபடியே கிடக்கிறது. மின்விசிறிக் காற்றில் அதன் மூலை சுருளத் தொடங்கியிருக்கிறது. எங்கே வைக்கலாம் என்று அவளிடம் கேட்டேன். உங்கள் விருப்பம் என்றாள்.